கோளரங்கப் பணிக்கு என்னை ஆளாக்கிய உதவித்தொகைக் குழுவினருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய உதவித்தொகைக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று ஆண்டுகளாக நீங்கள் அளித்துவந்த உதவித்தொகையின் கடைசித் தவணை சென்ற மாதம் வந்து சேர்ந்தது. இந்த மாதம் கோளரங்கம் ஒன்றில் நிகழ்ச்சி உதவியாளராகப் பணியில் சேர்ந்துவிட்டேன். உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், நீங்கள் செய்தது என்னவென்று பெங்களூருத் தமிழர்கள் அனைவரும் அறியவேண்டும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

1989 முதல் இந்நகரில் இயங்கிவரும் ஜவகர்லால் நேரு கோளரங்கத்துக்குப் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்ற நாளிலேயே இந்தப் பணியின் மீது எனக்கு ஆசை பிறந்துவிட்டது. ஆனால் இயற்பியல் படித்துக் கோளரங்கத்தில் சேரப்போகிறேன் என்று கல்விக்கடன் கேட்டுப் போன இடத்தில், இப்படி ஒரு வேலையை நம்பி எப்படிக் கடன் தருவது என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உண்மையில், வானியல், ஒளியியல், மின்னணுவியல், குரல் பயிற்சி, குழந்தைகளுக்குக் கதை சொல்லும் திறன் என வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடப்பவற்றை எல்லாம் சேர்த்துக் கற்றாகவேண்டிய தொழில் இது. அதை உணர்ந்துதான், கல்லூரிக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், சென்னை கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கத்தையும், 1977 முதல் மும்பை வொர்லியில் உள்ள நேரு கோளரங்கத்தையும் பார்த்துவர இரயில் செலவையும் நீங்களே ஏற்றீர்கள். அரங்கின் விளக்குகளை ஒரேயடியாக அணைக்காமல், சூரியன் மறைவதைப் போல மெல்ல மெல்லக் குறைத்தால்தான் பார்வையாளர்களின் கண்கள் இருளுக்குப் பழகும் என்பதை அந்தப் பயணங்களில்தான் கற்றேன்.

பணத்தைவிடப் பெரிதாக நான் மதிப்பது, என் எழுத்தை நீங்கள் வரி வரியாகப் படித்ததை. முதல் நிகழ்ச்சிக்கான உரையில், "வடக்கே உயரத்தில் துருவ நட்சத்திரம் ஒளிர்கிறது" என்று எழுதியிருந்தேன். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, "பெங்களூருல எவ்வளவு உயரத்துல இருக்கும், சொல்லும்மா" என்று கேட்டார். ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் தெரியும். பெங்களூருக்கு அது 13 பாகை. கையை நீட்டி மூடிய முஷ்டியைத் தொடுவானத்தின் மேல் வைத்து, அதன் மேல் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவுதான். அல்சூர்த் தெருக்களில் எதிர்வீட்டு மாடியே அதை மறைத்துவிடும்; அது தெரியாமல் மொட்டைமாடியில் உச்சியை அண்ணாந்து தேடும் பிள்ளை, நாம் சொன்னது பொய் என்றல்லவா நினைக்கும் என்றார் ஐயா. அன்றிலிருந்து, பார்வையாளர் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்ப்பார் என்ற நினைவில்லாமல் நான் ஒரு வரியும் எழுதுவதில்லை.

நிதிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். ஒருமுறை கல்லூரியிலிருந்து வரவேண்டிய சான்றிதழ் தாமதமாகி, தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி நாள் நெருங்கியபோது, என்னை அலையவிடாமல் அவரே நேரில் சென்று காத்திருந்து வாங்கி வந்தார். விண்ணப்பங்களைப் படிப்பது, இரசீதுகளைச் சரிபார்ப்பது, மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பது என ஊதியமில்லாமல் நீங்கள் செலவிட்ட மாலைப்பொழுதுகளை எந்தக் கணக்கேட்டிலும் நான் பார்த்ததில்லை.

பயிற்சிக் காலக் குறிப்பேடுகளையும் செலவுக் கணக்கையும் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். அடுத்து வரும் மாணவர்களுக்குப் பயன்படட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய உரைகளைத் திருத்தித் தர நான் வருகிறேன். நானே முழுமையாக எழுதி வழங்கும் முதல் நிகழ்ச்சிக்கு நாள் குறித்ததும் தெரிவிக்கிறேன். வடதிசைத் தொடுவானம் தலை திருப்பாமல் தெரியும் வரிசையில் உங்கள் அனைவருக்கும் இருக்கைகளை ஒதுக்கி வைத்திருப்பேன்; குடும்பத்துடன் வந்து அமர வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் உதவித்தொகை மாணவி,
அல்சூர், பெங்களூரு