கோமதிக்கு: அந்த விண்ணப்பத்தை முடித்து அனுப்பு

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேச்சைத் திருப்பிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். அங்கே இங்கிலாந்தில் உன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் இடத்து நர்ஸ், வில்லோ என்ற அறக்கட்டளையைப் பற்றி உன்னிடம் சொன்னாராம். கடுமையான நோய் வந்த இளவயதுக்காரர்களுக்கு, அவர்கள் ஆசைப்பட்டபடி ஒரு நாளோ ஒரு சிறு பயணமோ தங்கள் செலவில் ஏற்பாடு செய்து தருகிறார்களாம். நீ விண்ணப்பத்தைப் பாதி நிரப்பினாயாம். பிறகு, ‘என்னைவிட முடியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போகட்டும்’ என்று மூடி வைத்துவிட்டாயாம். அந்தப் பாதியிலும் உன் ஆசை என்ற இடத்தில், ‘அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து நாலு இடம் சுற்றிக் காட்ட வேண்டும்’ என்று எழுதியிருந்தாயாம். நீ மூடி வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை, எழுதியதும் பிடிக்கவில்லை.

முதலில் மூடி வைத்த கதையை எடுத்துக்கொள்கிறேன்.

தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்த காலமெல்லாம் நான் பார்த்தது இது. அப்போதெல்லாம் முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வரும். வாங்க வருகிறவர்களோடு துணைக்கு வந்து தூணோரம் ஒதுங்கி நிற்கும் கிழவி ஒருத்தி இருப்பாள். ‘நீங்கள் மனுப் போடவில்லையா ஆச்சி?’ என்று கேட்டால், ‘எனக்கு என்ன தாயி, என் பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடக் கஷ்டப்படுகிறாள்’ என்பாள். இவள் மனுப் போடாததால் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பைசா கூடுதலாக வந்ததா? வரவில்லை. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று சொல்வதற்கென்று ஆள் வைத்திருக்கிறார்கள். உன் நோயின் நிலைமையை மருத்துவரிடம் கேட்டு அவர்களே முடிவு செய்வார்கள். தகுதி இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடப் போகிறார்கள். அவர்கள் சொல்ல வேண்டிய ‘இல்லை’யை அவர்களுக்காக நீ ஏன் சொல்கிறாய்?

கை நீட்டி வாங்குவதா என்று உனக்குள் உறுத்தல் இருக்கிறது, தெரியும். உன் அப்பா கல்யாண வீட்டில்கூடத் தாம்பூலப் பையைத் தயங்கித் தயங்கி வாங்கும் மனுஷன், அந்த ரத்தம். ஆனால் இதைக் கொடுப்பவர்கள் யார் என்று நான் மாப்பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், நீயும் தெரிந்துகொள். பாப் வில்சன் என்று ஒருவர், ஆர்சனல் என்ற லண்டன் கால்பந்து அணியின் முன்னாள் கோல்கீப்பர். 1971இல் அந்த அணி லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றபோது கோல் காத்தவர். பிறகு தொலைக்காட்சியில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்தியவர். அவருடைய மகள் அன்னா 1998இல் புற்றுநோயில் இறந்துபோனாள். முப்பத்தொரு வயது. நோயோடு இருந்த நாட்களில் அவளுக்கு எதிர்பார்த்துக் காத்திருக்க ஏதாவது இருக்கட்டும் என்று வீட்டார் அவ்வப்போது ஒரு நல்ல நாளை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மகள் போன மறுவருடம், 1999இல், பாப் வில்சனும் அவர் மனைவி மெக்ஸும் அதையே மற்றவர் பிள்ளைகளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். பதினாறு முதல் நாற்பது வயது வரை உள்ளவர்களுக்கு. மார்பகப் புற்றுநோய்க்கு மட்டும் என்றில்லை, உயிருக்கு உலை வைக்கும் எந்த நோயானாலும் சரி.

நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அப்படி ஒரு வீட்டுத் துக்கத்தில் பிறந்ததுதானே? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அதை மனதில் வைத்திருந்து, 1954இல் அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே சிகிச்சைக்குப் போகிறவர்களை யாரும் தருமச் சோறு தின்கிறவர்கள் என்று சொல்வதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் தகப்பன் நீட்டுவதை நீ வேண்டாம் என்று ஒதுக்குவது எந்தக் கௌரவத்தில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.

நம் ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. பெரிய உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போய்வரத்தான். ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் போகிற ரயிலுக்குச் சலுகை கொடுக்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை. வயசாளிகளுக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டாலும், உன் வயதில்?

உனக்கு கீமோ நடந்தபோது நான் அங்கே வந்து தங்கியிருந்தேனே, முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? வரவேற்பு மேஜையில் இருந்த பெண் உன்னை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பிறந்த தேதி கேட்டாள். நானும் ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து என் தேதியைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரில் தேடு தேடென்று தேடினாள். நீ மெதுவாக, ‘பேஷன்ட் நான்’ என்றாய். அவள் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். அந்தக் கூடத்தில் இருந்த மற்றப் பெண்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள். அவள் மேல் தப்பில்லை. அங்கே அரசாங்கமே ஐம்பது வயதுக்கு மேல்தான் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க அழைக்கிறது. உன் வயதில் கட்டியைத் தானே கண்டுபிடித்தால்தான் உண்டு.

அந்த வயதுக்காரிகளுக்குப் பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், பார்க்க வேண்டியதை முக்கால்வாசி பார்த்தாகிவிட்டது. நீ குழந்தையைப் பள்ளியில் சேர்த்த கையோடு போய் நாற்காலியில் சாய்ந்து ஊசி போட்டுக்கொண்டாய். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருந்ததைத் தள்ளி வைத்தாய், வேலையில் வரவேண்டிய பதவி உயர்வையும் விட்டாய். நோய்க்கு மருந்து கொடுத்தார்கள். போன அந்த வருடங்களுக்குப் பதில் யார் எதைக் கொடுத்தார்கள்? நாங்கள் எல்லாரும் ரசம் வைத்துக் கொடுத்தோம், விபூதி பொட்டலம் அனுப்பினோம், ‘தைரியமாக இரு’ என்றோம். வில்லோக்காரர்கள் ‘என்ன ஆசை?’ என்று கேட்கிறார்கள். எனக்கே கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் கேட்டதில் இது ஒன்றுதான் என்றில்லை. நாலைந்து நாடுகளில் நடக்கிறதாம். அமெரிக்காவில் நோயுற்ற சிறுவர்களின் ஆசையை நிறைவேற்றும் வேலை 1980இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது பதினெட்டு வயதோடு நின்றுவிடும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு என்று வந்தவற்றில் ஒன்று ஃபர்ஸ்ட் டிசென்ட்ஸ். 2001இல் பிராட் லடன் என்ற, கயாக் எனும் சிறு துடுப்புப் படகு ஓட்டும் இளைஞர் தொடங்கியது. அவர் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததாம். இருபது, முப்பது வயதுகளில் உள்ளவர்களை இலவசமாக ஆற்றுக்கும் மலைக்கும் அழைத்துப் போகிறார்கள். அங்கே எல்லாரும் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்கிறார்களாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. வட கரோலினாவில் லிட்டில் பிங்க் ஹவுசஸ் ஆஃப் ஹோப் என்று ஒன்று. மார்பகப் புற்றுநோய் வந்தவரைப் புருஷன், பிள்ளைகளோடு ஒரு வாரம் கடற்கரை வீட்டில் தங்க வைக்கிறார்கள். தொடங்கியவர் பள்ளி ஆசிரியை, அவருக்கே அந்த நோய் வந்தவர்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கனடாவின் வான்கூவர் நகரத்துக் கதை. அறுவைச் சிகிச்சையில் அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டால் அந்தக் கையால் பாரம் தூக்காதே, வீங்கிவிடும் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் பெரியம்மா இன்னும் சொல்கிறாள். 1996இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவர் டான் மெக்கன்சி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட இருபத்துநான்கு பெண்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளமான டிராகன் படகை வலிக்க வைத்தார். துடுப்புப் போடுவதென்றால் தோளும் கையும்தானே வேலை செய்ய வேண்டும். யாருக்கும் கை புதிதாக வீங்கவில்லை. இன்று பல நாடுகளில் இந்தப் பெண்கள் அணி அணியாகப் படகு வலிக்கிறார்கள். நீ தண்ணீர்க் குடத்தைப் பார்த்தே ஒதுங்குகிறாய். டாக்டரிடம் கேட்டு மெல்ல மெல்லப் பழக்கு, நான் சொன்னேன் என்று ஒரேயடியாகத் தூக்கிவிடாதே.

இனி நீ எழுதிய ஆசைக்கு வருகிறேன். என்னை வரவழைப்பது உன் ஆசையாக இருக்கலாம், ஆனால் அதை அவர்கள் பணத்தில் செய்ய வேண்டாம். என் பென்ஷனில் நான் டிக்கெட் எடுத்துக்கொள்வேன். எனக்குப் பிடித்ததையும் பேரனுக்குப் பிடித்ததையும் யோசித்து யோசித்து எழுதியிருக்கிறாய். உனக்குப் பிடித்தது அதில் எங்கே?

எனக்குத் தெரிந்து உனக்கு ரயில்தான். மீட்டர் கேஜ் காலத்தில் செங்கோட்டையிலிருந்து புனலூருக்குச் சின்ன அத்தை வீட்டுக்குப் போவோம். ஆரியங்காவு தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் மற்றப் பிள்ளைகள் கத்தும், நீ மட்டும் மூச்சுக் காட்டாமல் இருப்பாய். பதிமூன்று கண் பாலம் வருகிறது என்றதும் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி, வளைவில் எஞ்சின் திரும்புவதைப் பார்ப்பாய். கன்னத்தில் கம்பி பதிந்த கரியோடுதான் அத்தை வீட்டில் இறங்குவாய். அத்தை முந்தானையை நனைத்துத் துடைத்துவிடுவாள். பிறகு அந்தப் பாதையை 2010இல் மூடி, அகலப்பாதையாக்கி, 2018இல் முழுவதும் திறந்தார்கள். திறந்ததும் நீதான் லெஸ்டரிலிருந்து முதல் ஆளாக எனக்குப் படம் அனுப்பினாய்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவிலிருந்து மல்லேய்க் வரை ஒரு பாதை இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் நீயே எழுதியிருந்தாய். ஏரியோரமும் ஆள் அரவமில்லாத சதுப்பு வெளியும் தாண்டிக் கடல்வரைக்கும் போகிற ரயில். கிளென்ஃபின்னன் என்ற இடத்தில் இருபத்தொரு வளைவுப் பாலம், அதுவும் நம் பாலம் கட்டிய காலத்தையே சேர்ந்தது, 1901இல் ரயில் விட்டார்களாம். ‘போகணும் அம்மா’ என்று எழுதியிருந்தாய். பிறகு வீட்டுக் கடன் வந்தது, பிள்ளை வந்தான், அப்புறம் இது வந்தது. அந்த ஆசை உனக்கு இன்னும் இருந்தால் அதைக் கேள். மாறிவிட்டது என்றால் மாறியதைக் கேள், ரயில்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். கூட மாப்பிள்ளை வரட்டும், இல்லையென்றால் கீமோவில் உன் பக்கத்து நாற்காலியில் இருந்து சிநேகிதமானாளே, அவளை அழைத்துக்கொண்டு போ. பேரனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஒரு பயணத்தால் நோய் போய்விடாது என்பது எனக்குத் தெரியும், அந்த வியாக்கியானம் வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது பூண்டு உரித்துக்கொண்டிருந்தாய். பல் நழுவி நழுவி விழுந்தது. விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, நீ சொல்லாவிட்டாலும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த விரலுக்கு எந்த ரயிலும் வைத்தியம் இல்லை. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து செய்த வேலை, போகும்போதுதான் போகும். ஆனால் ஸ்கேன் தேதி, ஊசித் தேதி என்று காலண்டரில் நீ வட்டம் போட்டிருக்கும் அத்தனையும் பயந்து பயந்து காத்திருக்கும் தேதிகள். சும்மா சந்தோஷமாக எதிர்பார்க்க ஒரு தேதியில் வட்டம் போடு என்கிறேன், அவ்வளவுதான்.

தேதி குறிக்கும்போது வயிற்றில் போடும் சோலடெக்ஸ் ஊசி இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள். வீங்காமல் இருக்கக் கைக்குப் போடும் இறுக்க உறையை மறக்காதே. டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல் என்று உன் டாக்டரே சொன்னார், அதனால் ரயிலில் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காராமல் எழுந்து நட. வெளிநாட்டுக்குப் போக ஆசைப்பட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் புற்றுநோய் என்றதுமே விலையை ஏற்றிவிடுவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்தத் தொல்லை இல்லாமல் உள்நாட்டிலேயே போவது எனக்கும் நிம்மதி. கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் வெயில் படாமல் துப்பட்டா போட்டுக்கொள். ஸ்காட்லாந்தில் வெயில் எங்கே அம்மா என்று சிரிக்காதே.

இன்னொன்று. இப்படிப்பட்ட இடங்களில் சிலர் நன்றிக் கடிதம், புகைப்படம் எல்லாம் கேட்பார்கள். நன்றி கட்டாயம் எழுது, நல்ல தமிழில் எழுதி மாப்பிள்ளையை மொழிபெயர்க்கச் சொன்னாலும் சரி. படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் உனக்கு விருப்பமிருந்தால் மட்டும் சரி என்று சொல். மொட்டைத் தலையோடு இருந்தபோது எடுத்த படத்தை எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதில் எனக்குக் கண்டிப்பு உண்டு.

பெரியப்பாவுக்குத் தெரிந்தால் ‘அந்தப் பணத்தில் காசிக்குப் போய் வந்திருக்கலாமே’ என்பார். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். காசிக்கு யாராவது டிக்கெட் கொடுத்தால் முதலில் அவரையே அனுப்பிவைப்போம்.

வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மாப்பிள்ளையை எனக்கு ஒரு வரி போடச் சொல். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தனியே கட்டி வைத்திருக்கிறேன். சித்தப்பா மகன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
அம்மா