சேதாரக் கணக்கில் மனிதர்கள்

ஆசிரியருக்கு,

18-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வணிகர்களின் கணக்கேடுகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைப் படித்தேன். சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று அவர்கள் கணக்கு எழுதிய நேர்த்தியைக் கட்டுரையாளர் மெச்சியிருக்கிறார். தணிக்கை வேலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பேரேடுகளோடு மல்லுக்கட்டியவன் நான். ஒழுங்கான கணக்கைக் கண்டால் எனக்கும் மனம் குளிரும். ஆனால் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்து பிரவுன் சகோதரர்களைப் புகழ்ந்துவிட்டு, அவர்களுடைய 'சாலி' கப்பலின் கணக்குப் புத்தகத்தை ஒரு வரிகூடத் தொடாதது எப்படி?

1764 செப்டம்பரில் நிக்கலஸ், ஜோசப், ஜான், மோசஸ் ஆகிய நால்வரும் அடிமைகளை வாங்கிவர அந்தக் கப்பலை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஏற்றிய சரக்கில் 17,000 காலனுக்கு மேல் ரம், 1,800 கட்டு வெங்காயம், கூடவே 40 கைவிலங்கு. அந்தக் கரையில் ரம்தான் பணம். ஓர் ஆளுக்கு இத்தனை காலன் என்று பேரம்.

அந்தப் புத்தகத்தின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். கேப்டன் ஈசெக் ஹாப்கின்ஸின் எழுத்தில் பிழைகள் மலிந்து கிடக்கின்றன. 1765 ஜூன் 8 அன்று ஓர் அடிமைப் பெண் கப்பல் தளங்களுக்கிடையே தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று ஒரு பதிவு. ஆகஸ்ட் 28 அன்று அடிமைகள் எதிர்த்து எழுந்தார்கள், சுட நேர்ந்தது, 8 பேர் மடிந்தார்கள் என்று இன்னொன்று. பிறகு 'ஒரு பையன்', 'ஒரு பெண்' என்று சாவுக்கு ஒரு வரியாக நீள்கிறது. இறந்தவர் பெயர் என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அழுகிய வெங்காயத்துக்கு எழுதும் சேதாரக் கணக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். வாங்கப்பட்டவர்கள் 196 பேர். அவர்களில் குறைந்தது 109 பேர் இறந்துபோனார்கள்.

இதே ஹாப்கின்ஸ்தான் 1775-இல் அமெரிக்கப் புரட்சிக் கடற்படையின் தலைவரானார். மோசஸ் மனம் மாறி 1773-இல் தம் அடிமைகளை விடுவித்தார். ஜான் மாறவில்லை, 1797-இல் அடிமை வணிகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு ஆளாகி, ஒரு கப்பலையும் பறிகொடுத்தார்.

கட்டுரையோடு அழகான பேரேட்டுப் பக்கம் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தீர்கள். வரும் ஞாயிறு அதே அளவில் சாலி கப்பலின் ஆகஸ்ட் மாதப் பக்கத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்