மதிப்பெண் சொல்லாததைத் தவறான விடை சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் நேரம் இது. பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று கேட்கும் பெற்றோருக்கு உடனே பதில் கிடைக்கிறது. அவனுக்கு எது பிடிபடவில்லை என்று கேட்டால் பல பள்ளிகளில் பதில் இல்லை. அந்தப் பதிலும் அதே விடைத்தாளில்தான் இருக்கிறது.

402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்கிறோம். விடை 224. ஒரு குழந்தை 376 என்று எழுதுகிறது. இது கவனக்குறைவு அல்ல. மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாராமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. இன்னொரு குழந்தை 324 என்று எழுதுகிறது. அதற்குக் கடன் வாங்கத் தெரியும். பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டு, நூறில் இருக்கும் 4-ஐ 3 ஆகக் குறைக்க விட்டுவிட்டது. இருவருக்கும் மதிப்பெண் பூஜ்ஜியம்தான். ஆனால் முதல் குழந்தைக்குக் குச்சிக்கட்டுகளை வைத்து இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் சொன்னால் போதும்.

சரியான விடையும் ஏமாற்றும். 3.5, 3.25 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், '3.5' என்பவர்கள் எல்லோருக்கும் தசமம் புரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று தப்பாக நினைப்பவர்களும் அதையே சொல்வார்கள். எனவே கூடவே 4.2, 4.375 என்ற இணையையும் கேட்க வேண்டும். இலக்கம் கூடினால் எண் பெரிது என்று நினைப்பவர் முதல் கேள்வியில் சிக்குவார். குறைந்தால் பெரிது என்று நினைப்பவர் இரண்டாவதில் சிக்குவார்.

அறிவியலில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியையே கேட்டால் மனப்பாடம்தான் வெளிவரும். ஆவி சுருங்குதலுக்குப் பிசகில்லாமல் வரையறை எழுதும் பிள்ளையிடம், குளிர்ந்த தண்ணீர் உள்ள சொம்பின் வெளிப்புறம் ஏன் நனைகிறது என்று கேளுங்கள். 'உள்ளிருந்து கசிகிறது' என்று சொன்னால் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

திருப்பூர், கோவைப் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறார்கள். வாக்கியக் கணக்கில் அவர்கள் தவறினால், அதே கணக்கை எண்களாக மட்டும் எழுதிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைப் போட்டுவிட்டால் தடை மொழிதான், கணக்கு அல்ல. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரு பிள்ளையை 'மெல்லக் கற்பவர்' பட்டியலில் சேர்ப்பது பெரிய அநியாயம்.

அன்றாட வகுப்பில் 'புரிஞ்சுதா?' என்று கேட்பதில் பயனில்லை. 'புரிஞ்சுதுங்க சார்' என்றுதான் நம் பிள்ளைகள் சொல்வார்கள். கேள்வியைக் கேட்டு, யோசிக்க நேரம் விட்டு, எல்லோரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். முன்வரிசை நான்கு பேரின் குரலில் மற்றவர்கள் ஒளிய முடியாது.

பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் அரைத்தாளில் ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். போட்டால் பிள்ளையின் கண் அதிலேயே நிற்கும், கீழே எழுதிய குறிப்பைப் படிக்காது. தாள்களை மூன்றாகப் பிரியுங்கள்: சரி, வழி சரி ஆனால் கைப்பிழை, கருத்தே பிழை. 35 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் மூன்றாவதில் இருந்தால் மறுநாள் வேறு விதமாக நடத்த வேண்டும். நாலைந்து பேர் என்றால் அவர்களை மட்டும் தனியே கூப்பிட்டால் போதும். மூன்று வாரம் கழித்து எண்களை மாற்றி மறுபடி கேளுங்கள். அன்றைக்கே கேட்பதில் நிற்கும் விடை எது, மறந்துபோகும் விடை எது என்று தெரியாது.

வாசிப்புக்கும் இப்படித்தான். பலமுறை கேட்ட பாடத்தைப் பிள்ளை பார்க்காமலே ஒப்பிக்கும். முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும்.

2012-13இல், கல்வியாண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, படிக்கும்போதே செயல்பாடுகள் வழியாகப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் தேர்வாக வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று ஒதுக்கியது நல்ல நோக்கத்தில்தான். கடையில் வாங்கி ஒட்டிய சார்ட்டுக்கு 40-க்கு 38 போட்டு அந்த நோக்கத்தையே வீணாக்குகிறோம்.

கல்வி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் அதிகம் பேர் எழுதிய ஒரு தவறான விடையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது ஏன் வந்தது, எப்படித் திருத்துவது என்று அரைமணி நேரம் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்.