செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: தோணித்துறை முதல் அரிச்சல்முனை வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் சென்ற பேரவையில், ராமேஸ்வரம் தீவின் பழைய பயண வழிகளுக்குக் கைகாட்டி வைப்பது, அங்கே ஜனங்கள் நடந்துபோக வழி செய்வது என்று தீர்மானம் போட்டோம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், "வழி தெரியாமலா ராமேஸ்வரத்துக்கு வர்றாக?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒரு வருஷம் இந்த வேலையில் அலைந்தபின் எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. கோயிலுக்கு வழி எல்லோருக்கும் தெரிகிறது. வந்த வழி எது என்பதுதான் தெரியவில்லை.

இந்த ஆண்டு அது கண்ணெதிரே நடந்தது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பர் 23 முதல் ரயில் நின்றுபோனது நமக்குத் தெரியும். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல்தான் திறந்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நின்றுவிட்டன. யாத்திரிகர்கள் மூட்டை முடிச்சோடு மண்டபத்தில் இறங்கி, அக்கரைக்கு எப்படிப் போவது என்று விசாரித்தார்கள். ரயில் பாலம் வருவதற்கு முன், 1914 வரைக்கும், அத்தனை பேரும் அப்படித்தான் நின்றார்கள். மண்டபத்தில் தோணித்துறை என்று ஓர் இடம் இருக்கிறதே, அந்தப் பேர் சும்மா வரவில்லை. அங்கிருந்து தோணி ஏறிப் பாம்பனில் இறங்கி, சாமி கும்பிட வந்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய அவஸ்தையை இந்த ஆண்டு யாத்திரிகர்கள் கொஞ்சம் ருசி பார்த்தார்கள், தோணி மட்டும்தான் இல்லை. தோணித்துறையில் ஒரு பலகை வைக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று முதல் வேலையாக அதைச் செய்தோம்.

பலகை வைத்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பணம் போனது அதில்தான்.

ஆரம்பத்தில் ஐந்து இடங்களில் இரும்புக் கம்பம் நட்டு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் ஸ்டிக்கர் ஒட்டினோம். பளபளவென்று இருந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு ஆளுக்கு ஆள் கைதட்டிக்கொண்டோம். இந்தத் தீவில் உப்புக்காற்று என்ன செய்யும் என்று பாம்பனில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் செய்தோம். ஐந்தாம் மாதம் போல்ட்டு துருப்பிடித்து, தனுஷ்கோடிக் கைகாட்டி தளர்ந்து, காற்று வீசின பக்கமெல்லாம் திரும்ப ஆரம்பித்தது. ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், "பழைய ரயில் நிலையம் 200 மீ" என்ற அம்பு தென்கடலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதை நம்பி ஒரு ஆந்திரக் குடும்பம், வயதான அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, கரைவரை மணலில் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். அதனால் மேலும் கூசிப்போனேன்.

அதன்பிறகுதான் கருங்கல்லுக்கு வந்தோம். பழைய மைல்கல் மாதிரி, முழங்கால் உயரம், எழுத்தைக் கொத்திக் கறுப்புப் பூசுவது. கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார். உறுப்பினர்களே, எழுத்தைச் சுருக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. முதலில் நான் எழுதிக் கொடுத்த வாசகம் பதினான்கு வரி. அதில் புராணம் இருந்தது, சேதுபதிகள் இருந்தார்கள், இங்கிலாந்துக் கம்பெனி இருந்தது. கூலிக் கணக்கைக் கேட்டதும் பொருளாளர் பேனாவை வாங்கிக்கொண்டார். மிஞ்சியது இது: "இவ்வழியே போட் மெயில் கப்பல் துறைக்குப் போனது. 1914–1964." புள்ளி வைக்கத் தனிக் காசு வேண்டாம் என்று தச்சர் சலுகை கொடுத்தார்.

அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு ஜனங்கள் நின்று கேட்கிறார்கள். போட் மெயில் என்ற பேர் எல்லோருக்கும் தெரியும். சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் வரும் ரயிலை இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறோம். அதில் "போட்" எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் சுங்கச் சோதனை முடித்து, கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம். ஒரே டிக்கெட். இர்வின், கோஷென் என்ற கப்பல்கள் ஓடிய துறை அது. அன்றைக்குப் பிரதான பாதை பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரம் வெறும் கிளைப் பாதை. இதைச் சொன்னால் நம்ம ஊர்க்காரர்களே முறைக்கிறார்கள். ஆனால் பாம்பன் "ஜங்ஷன்" என்று பேர் வாங்கியது அதனால்தானே. பாம்பன் கல்லில் "தனுஷ்கோடிக்கு இங்கே பிரிந்தது" என்று ஒரு வரி போட்டிருக்கிறோம். அந்தக் கல்லுக்கு மட்டும் எதிர்ப்பு இல்லை, பாம்பன்காரர்கள் பொங்கல் வைக்காத குறை.

தனுஷ்கோடியில் பெரிய விவாதம் வந்தது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனில் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை எட்டுமுன் புயல் அலையில் போனது. எத்தனை பேர் போனார்கள் என்று கல்லில் போடுவதா? பத்திரிகைகளில் வழக்கமாக வரும் எண்ணிக்கை ஊழியர் ஐவரையும் சேர்த்து 115. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் இருந்தார்கள், இன்னும் கூடும் என்று ஊரில் சொல்வார்கள். செயற்குழுவில் இரண்டு மணி நேரம் பேசி, எண் வேண்டாம், வண்டியின் எண்ணும் தேதியும் போதும் என்று முடிவானது. என் கருத்தும் அதுவே. கல்லில் 115 என்று கொத்திவிட்டால் நூற்றுப்பதினாறாவது ஆளின் பிள்ளை வந்து நம்மைக் கேட்பான்.

இனி வழி. பலகையைவிட இதுதான் கஷ்டம்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017 ஜூலையில் வந்தது. அதற்கு முன் வேன்கள் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போகும், பல் ஆடும். சாலை வந்தபின் கூட்டம் வந்தது. கூட்டம் எங்கே நிற்கிறது? முனையில் செல்ஃபி எடுக்க. ரயில் நிலையச் சுவரும், தண்ணீர்த் தொட்டியும், பவளக்கல் சர்ச்சும் சாலையோரம் நிற்கின்றன, சாலையிலிருந்து அவற்றுக்குப் போக ஐம்பது நூறு அடி மணல். நடப்பவனுக்கு ஐம்பது அடி ஒன்றுமில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது கடல். இந்த வருஷம் கால் முடியாத ஒரு பெரியவர், வேனுக்குள் உட்கார்ந்தபடியே ஸ்டேஷன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா அங்கே போர்ட்டராக இருந்தவராம்.

ஆகவே தென்னைநார்ப் பாய் விரித்தோம். இரண்டாம் நாளே மணல் மூடியது. தோண்டி எடுத்துத் திரும்ப விரித்தோம், திரும்ப மூடியது. சங்கு, பாசி விற்கும் அக்கா ஒருவர் இதை மூன்று நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, நான்காம் நாள் சொன்னார்: "தம்பி, இது கச்சான் காத்து. மண்ணு இப்போ இந்தப் பக்கந்தான் ஏறும். செவத்துக்கு அந்தாண்ட போட்டுப் பாருங்க. வாடை வந்ததும் இந்தாண்ட மாத்திக்குங்க." கச்சான் என்பது தென்மேற்குக் காற்று, வாடை என்பது வடகாற்று. அப்படியே செய்தோம். பாய் நிற்கிறது. காற்று மாறும்போது பாயை மாற்றும் பொறுப்பை அந்த அக்காவிடமும் அவர் பக்கத்துக் கடைக்காரர்களிடமுமே ஒப்படைத்து, ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். கணக்கில் "பாய் பராமரிப்பு" என்று வருவது அதுதான். இஞ்சினியரிங் ஆலோசனைக் கட்டணம் என்று எழுதியிருக்க வேண்டும்.

சுவர்மேல் ஏறிப் படம் எடுப்பதைத் தடுக்கக் கம்பிவேலி போடலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. வேலியும் இரும்புதான். "ஏறாதீர்கள், இது பவளக்கல், உதிர்கிறது" என்று தமிழ், இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் நான்கிலும் மரப்பலகையில் எழுதி வைத்தோம். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள் என்பது நான் கண்டது.

அக்காள்மடம், தங்கச்சிமடம் இரண்டு ஊரிலும் கல் நட்டாகிவிட்டது. இரண்டும் நடைப் பயணிகள் தங்கிய வழி என்பது பேரிலேயே இருக்கிறது, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருபவனுக்கு யார் சொல்வது? குந்துகாலில் 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் கரையிறங்கிய இடத்துக்கு ஏற்கெனவே நினைவு மண்டபம் உள்ளது. பிரதான சாலையில் திருப்பம் தெரியாமல் வண்டிகள் தாண்டிப் போய்விடுகின்றன என்பதால் அங்கே கைகாட்டி மட்டும் வைத்தோம். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட பேப்பர்க் கட்டுகளைச் சிறுவனாக இருந்த அப்துல் கலாம் பொறுக்கி எடுத்த கதையை அவரே எழுதியிருக்கிறார். பேக்கரும்பில் உள்ள அவர் நினைவிடத்துக்கு வருகிறவர்கள் அந்த இடம் எது என்று கேட்கிறார்கள். தண்டவாளம் போன தடத்தில் எந்த இடத்தில் கல் நடுவது என்று மூன்று பெரியவர்கள் மூன்று இடம் காட்டினார்கள். சரியாகத் தெரியாமல் கல் நடுவதில்லை என்று ஒத்தி வைத்திருக்கிறோம்.

அனுமதி விஷயம். ரயில்வே நிலம், நெடுஞ்சாலை ஓரம், வனத்துறைப் பகுதி, வருவாய்ப் புறம்போக்கு, ஊராட்சி, நகராட்சி என்று ஒரு கைகாட்டிக்கு ஆறு வாசல் ஏற வேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் நம் மனு ஏழு மாதம் தூங்கியது. எந்த அலுவலகம் என்பதை அறிக்கையில் போடக்கூடாது என்று தலைவர் உத்தரவு. இன்னோர் அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி மனுவை வாங்கிப் படித்துவிட்டு, அன்று மாலையே நேரில் வந்து, கம்பம் எங்கே நட்டால் பஸ் திரும்பும்போது இடிக்காது என்று அடி அளந்து காட்டினார். அவருக்கு இந்தச் சபை நன்றி தெரிவிக்க வேண்டுகிறேன்.

பழைய பாலத்தைப் பற்றி நாம் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. 145 கண்களும் வேண்டாம். நடுவிலுள்ள தூக்குப்பாலத்தின் இரு இறக்கைகளில் ஒன்றையும், ஆட்கள் கையால் சுற்றிய அந்த நெம்புகோல் அமைப்பையும் பாம்பன் கரையில் வைக்க வேண்டும். புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நடுக்கண் மோட்டாரில் 17 மீட்டர் நெட்டுக்குத்தாக எழும்புகிறது. நல்லது, பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் கப்பல் வரும்போது ஆட்கள் மூச்சு வாங்கச் சுற்றிச் சுற்றி இரும்பை வானத்துக்கு ஏற்றினார்கள் என்பதை, நாளைக்கு ஒரு பிள்ளை அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்காமல் நம்பாது. சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கரையில் இருந்தால் இறங்கிப் பார்ப்பார்கள். வரும் ஆண்டில் இந்த மனுவைத் திரும்பக் கொண்டுபோவோம்.

இந்த வருஷம் என் மனதில் நிற்பது ஒரு கேள்வி. நீலகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பம். தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்குக் கண்டிப் பக்கம் போனவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் 'ராமானுஜம்' என்ற கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு கூடலூர் போனார்கள். பேத்தி தனுஷ்கோடிக் கல்லருகே நின்று, "தாத்தா போனது இந்த வழி. அப்பா வந்தது எந்த வழி? அதுக்குக் கல் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை. ராமேஸ்வரம் துறைப் பக்கம் ஒன்று, மண்டபம் முகாம் வாசலில் ஒன்று என இரண்டு கல் வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம். வாசகம் இன்னும் எழுதவில்லை. அந்த வழியாக வந்தவர்கள் உங்கள் உறவில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அவர்கள் சொல்லும் வார்த்தையில் எழுதலாம்.

பழைய டிக்கெட், கப்பல் ரசீது, ஸ்டேஷன் படம் எது வைத்திருந்தாலும் கொண்டுவந்து காட்டவும். நகல் எடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். கல்தச்சருக்குப் பாக்கி இருக்கிறது என்பதை அவர் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, கைகாட்டிக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய சங்கத்து அலுமினிய ஏணி பங்குனி மாதத்திலிருந்து காணவில்லை. யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த வாரத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால் பேர் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்