மீனினம் அறிய மரபணு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றுபோல் தோன்றும் கடல்மீன் இனங்களை மரபணு கொண்டு பிரித்தறிவது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். துளிச் சதை கிடைத்தால் போதும், இனி மீனை அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று அது முடிந்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியாவிலுள்ள சிஓஐ என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட பகுதியைப் படித்து இனத்தை அறியலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழுவினர் 2003இல் முன்மொழிந்தனர். தோலும் தலையும் நீக்கிய துண்டையும், முட்டையையும், குஞ்சையும்கூட இம்முறையால் அடையாளம் காண முடிவது பெரும்பேறு. ஆனால் அந்த எழுத்து வரிசையை ஒப்பிட்டுப் பார்க்க, ஏற்கெனவே பெயரிடப்பட்ட வரிசையொன்று தரவுத்தளத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பெயரை முதலில் இட்டவர் துடுப்புக் கதிர்களையும் செதில்களையும் எண்ணித்தான் இட்டிருப்பார்; அவர் பிழையாக எண்ணியிருந்தால், பின்னர் அதனோடு ஒப்பிடப்படும் ஒவ்வொரு மீனும் அதே பிழையான பெயரையே பெறும். மேலும் மைட்டோகாண்டிரியா தாய்வழியே வருவதால், ஈரினம் கலந்து பிறந்த மீனில் தாயின் இனம் மட்டுமே தெரியும்.

கடலூர் துறைமுகத்தில் கவலை என்ற ஒரே பெயரில் கூடைகளில் இறங்கும் மீன்களில் பல இனங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றான எண்ணெய் மத்தியின் முதல் செவுள் வளைவைத் திறந்தால், கீழ்ப்பகுதியில் மட்டும் 150க்குக் குறையாத செவுள் முட்கள் சீப்புப் பற்கள்போல் நெருங்கியிருக்கும். இங்கு கிடைக்கும் பிற சாளைகளில், அதாவது மத்தியின் உறவினங்களில், அந்த எண்ணிக்கை பெரும்பாலும் நூறைக்கூட எட்டாது. கேரளத்து மீன் என்றே பலரும் நினைக்கும் இந்த மத்தியை, புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குச் சென்ற மீனைக் கொண்டுதான் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் 1847இல் முதன்முதலாக விவரித்தார் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீன்பிடிப் புள்ளிவிவரத்தில் மற்ற இனங்களையெல்லாம் ‘பிற சாளைகள்’ என்று ஒரே வரியில் அடக்கிவிடும்போது, அவற்றுள் ஒன்று ஆண்டுக்காண்டு அருகி வந்தாலும் அது எவர் கண்ணிலும் படாது.

இரு முறைகளும் கைகோத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கொடுவாவே சான்று. மியான்மர்க் கொடுவாவும் ஆஸ்திரேலியக் கொடுவாவும் வெவ்வேறு இனங்களாக இருக்கக்கூடும் என்று 2008இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆயினும் அந்த ஆய்வால் எந்த மீனுக்கும் புதுப்பெயர் வந்துவிடவில்லை. மீனியல் ஆய்வாளர்களான ரோஹன் பெத்தியகொடவும் அந்தோனி கில்லும் உடல் உயரம், செதில் வரிசை, கண்ணின் விட்டம் முதலியவற்றை அளந்து, இலங்கையிலிருந்து ஒன்றும் மியான்மரிலிருந்து ஒன்றுமாக இரண்டு புதிய இனங்களை 2012இல் விவரித்தார்கள். பொரிப்பகங்களில் கொடுவாக் குஞ்சு உற்பத்தி செய்து குளங்களில் வளர்க்கும் நமக்கு, தாய்மீன் எந்தக் கடலைச் சேர்ந்தது என்பது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று.

எனவே மரபணு ஆய்வுக்குச் சதை எடுக்கும் ஒவ்வொரு மீனையும் முழு உடலாகப் பாதுகாத்து, பிடிபட்ட இடம், நாள், மீனவர் வழங்கும் பெயர் ஆகியவற்றுடன் எண்ணிட்டு வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் நம் மாவட்டத்திலேயே இருக்கையில், கல்லூரி மாணவர்கள் சேகரிக்கும் மீன்களை அங்கு ஒப்படைக்க ஒரு வழிமுறை வகுப்பது கடினமன்று. ஒன்றை மட்டும் கல்லூரி ஆசிரியர்கள் இப்போதே செய்யத் தொடங்கலாம். மீனை ஃபார்மலினில் இட்டபின் அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆதலால், அதற்கு முன்பே வலப்பக்கத்திலிருந்து சிறு சதைத்துண்டை வெட்டி எத்தனாலில் இட்டு, மீனுக்குரிய எண்ணையே அந்தக் குப்பியிலும் எழுதி வைக்க வேண்டும். இடப்பக்கம் படமெடுப்பதற்கும் எண்ணுவதற்கும் சிதையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கடலூர் முதுநகர்.