சிறு சதுப்புகளையும் பதிவேட்டில் சேருங்கள்

தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையத்துக்கும் நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கும் வணக்கம்.

2024 ஜனவரியில் கோத்தகிரி லாங்வுட் சோலை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 116 ஹெக்டேர் சோலைக்குக் கிடைத்த அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனால் இம்மலையில் இரண்டு மேடுகளுக்கு நடுவே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று கிடக்கும் சதுப்புகளை யார் கேட்கிறார்கள்?

குளிர்காலத்தில் அங்கே ஊசிவால் உள்ளான் வந்து தங்குகிறது. சைபீரியாவின் வடகோடி ஈரவெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பறவை. காய்ந்த கோரையின் நிறத்தில் அசையாமல் கிடக்கும். மிதித்துவிடுவோம் என்ற கணத்தில்தான் கரகரத்த குரலோடு எழும்பும். அது போன பிறகு சேற்றைக் குனிந்து பாருங்கள், பென்சிலால் குத்தியதுபோல் சிறு துளைகள் தெரியும். நீண்ட அலகை உள்ளே செலுத்தி, நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்றுகிறது. மண் இளகியிருக்கும்வரைதான் இது நடக்கும். நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடிந்து மண் இறுகிவிடுகிறது. பிறகு அங்கே கேரட் பாத்தி. கடனில் தவிக்கும் விவசாயியை நான் குறை சொல்லமாட்டேன். சதுப்பை விட்டுவைப்பவருக்கு அரசு ஈடு தரவேண்டும்.

ஊசிவால் உள்ளான் இன்று அழிவின் விளிம்பில் இல்லை. அதில் எனக்கு ஆறுதல் இல்லை. ஆர்க்டிக்கிலிருந்து கோடியக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளானையும் சாதாரணப் பறவையாகத்தான் நினைத்திருந்தோம். 2024இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. இமயத்திலிருந்து நீலகிரிக்கு வரும் காட்டு உள்ளானும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

சதுப்பு போனால் பறவை மட்டுமா போகும்? தோடர்கள் கோயில் கூரை வேயும் புல் அங்கேதான் வளர்கிறது. உதகை அருகே சாண்டிநல்லாவில், செடிகொடிகள் பாதி மக்கிச் சேர்ந்த கரிமண் அடுக்குகளில் 30,000 ஆண்டுகளுக்கும் முந்தைய பருவநிலையின் தடயங்களை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணைப் பொக்லைன் ஒரே பகலில் கிளறிப்போட்டுவிடும்.

கிராமம் கிராமமாகச் சதுப்புகளை அளந்து, புல எண்ணோடு பதிவு செய்யுங்கள். ஜனவரிப் பறவைக் கணக்கெடுப்பு ஏரிகளோடு நிற்காமல் இந்தச் சதுப்புகளுக்கும் வரட்டும். உள்ளான்களை இனம் பிரித்து எண்ணட்டும். வழிகாட்ட உள்ளூர்க்காரர்கள் நாங்கள் வருகிறோம். பதிவு முடியும்வரை எந்தச் சதுப்பிலும் பொக்லைன் இறக்க அனுமதி தராதீர்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிவாசி ஒருவர்