முப்பத்தொன்றாம் பக்கம்

தம்பி,

நீ அனுப்பிய, உன் ஆய்வின் இரண்டாம் இயலின் நாற்பது பக்கத்தையும் மூன்று முறை வாசித்துவிட்டேன். மூன்றாம் இயல் எங்கே என்று கேட்கமாட்டேன். அக்காவிடமும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே "அவனை விடும்மா" என்றாள். விட்டுவிட்டேன். இது உன் பக்கங்களைப் பற்றிய கடிதம் மட்டும்தான்.

முதலில் டால்ஸ்டாயின் ரயில். "அன்னா கரேனினாவில் ரயில் மரணத்தின் குறியீடு" என்று தொடங்கி, பன்னிரண்டு பக்கம் அதையே சொல்லிக்கொண்டு போகிறாய். முதல் பாகத்தில் அன்னா வந்திறங்கும் நிலையத்தில் ஒரு காவலாளி ரயிலில் அடிபட்டுச் சாகிறான். ஏழாம் பாகத்தின் முடிவில் அவளே சாகிறாள். இந்த இரண்டையும் இணைக்காத ஆள் இல்லை. ஆனால் அந்தக் காவலாளி சாவதற்கு முன்பே நாவலுக்குள் ஒரு ரயில் ஓடிவிட்டது. முதல் பாகம், மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து பார். அன்னாவின் அண்ணன் ஓப்லான்ஸ்கியின் பிள்ளைகள் ஒரு பெட்டியை ரயிலாக்கி விளையாடுகிறார்கள். பயணிகளைக் கூரைமேல் உட்கார வைக்காதே என்று சொன்னேனே என்று சிறுமி கத்துகிறாள். தகப்பனின் துரோகம் தெரிந்து, தாய் தன் அறையைவிட்டு வெளியே வராமல் இருக்கும் நாள் அது. அந்த வீட்டைச் சேர்த்துவைக்கத்தான் அன்னா ரயிலேறி வருகிறாள்.

அப்புறம் ஏழாம் பாகத்துக்கு வா. அன்னாவின் மகன் செரியோழா, பள்ளியில் ஆடும் ரயில் விளையாட்டைத் தன் மாமனுக்கு விளக்குகிறான். கதவுகளையெல்லாம் முன்கூட்டியே திறந்துவைத்துவிட்டு, அறை அறையாக இழுத்துக்கொண்டு ஓடும் முரட்டு விளையாட்டு. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமன் வேறு யாருமில்லை, அந்தப் பெட்டி ரயில் ஓட்டிய பிள்ளைகளின் தகப்பன். அடுத்து அவன் கேட்கிறான், அம்மாவை நினைவிருக்கிறதா என்று. பையன் முகம் சிவந்து, அவசரமாக, இல்லை என்கிறான். அந்த 'இல்லை'யை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். எத்தனை முறை வாசித்தாலும் அது இல்லையென்று அர்த்தமாகவில்லை.

இந்த இரண்டு விளையாட்டையும் 'மரணம்' என்ற ஒரு சொல்லுக்குள் எங்கே வைப்பாய்? வைக்க முடியாததால்தான் அவை உன் கண்ணில் படவில்லை. விடையை முதலில் எழுதிக்கொண்டு தேடினால், விடைக்குப் பொருந்துவது மட்டும்தான் கிடைக்கும்.

ஆகையால் நோட்டில் ஐந்து கட்டம் போடு. எந்தப் பாகம், எந்த அத்தியாயம் என்பது முதல் கட்டம். குறியீடாக வரும் பொருள் யார் கையில், யார் கண்ணில் என்பது இரண்டாவது. அதற்குச் சற்று முன் நடந்தது மூன்றாவது. அதைப் பார்ப்பவருக்குள் என்ன நடக்கிறது என்பது நான்காவது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியது என்பது ஐந்தாவது. முதல் நான்கு கட்டமும் வெறும் குறிப்பு; ஐந்தாவதை நிரப்பும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. அந்த நாவலில் எட்டுப் பாகம், 239 அத்தியாயம். பொறுமை வேண்டும். விமர்சன நூல்களை அதுவரை மூடி வை. முதலில் நாவல், பிறகுதான் விமர்சனம்.

விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ல' நாவலில் வரும் மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பற்றி நீ எழுதியதை வாசித்தபோது, என் பிள்ளை எழுதியது என்று பக்கத்தில் யாரிடமாவது காட்டவேண்டும் போல இருந்தது. அந்த இடத்தில் நீ அவசரப்படவில்லை. தன் வீட்டில் வெள்ளியைத் திருடிய முன்னாள் கைதி ழான் வல்ழானுக்குக் கிறிஸ்தவ ஆயர் வெள்ளித் தண்டுகளையும் கொடுக்கிறார். அவன் மற்ற வெள்ளிச் சாமான்களை விற்றாலும் இவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறான். தன்னைச் சட்டத்திடம் ஒப்புக்கொடுப்பதா வேண்டாமா என்று தவிக்கும் இரவில் அவற்றை நெருப்பில் உருக்கிவிடப் போகிறான். சாகும்போது அவை எரிந்துகொண்டிருக்கின்றன. நான்கு இடம், நான்கு அர்த்தம். முதலில் பரிசு, பிறகு நினைவு, பிறகு சாட்சி, கடைசியில் அவனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போகும் சொத்து. சாட்சி என்ற சொல் உன்னுடையது. நல்ல சொல். தண்டுகளைப் பெற்றுக்கொண்ட கையோடு அவன் ஒரு சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துவிடுகிறானே, அதை மட்டும் ஏன் விட்டாய்? கருணை கிடைத்த உடனே மனிதன் மாறிவிடுவதில்லை என்று காட்டும் இடம் அது. அதைச் சேர்த்தால் உன் வாதம் இன்னும் உறுதியாகும்.

ஃப்ளோபேரின் மதாம் பொவாரி பகுதி பலவீனம். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எம்மா தன் கல்யாணப் பூச்செண்டை எரிப்பதை எழுதியிருக்கிறாய். அவள் புது வீட்டுக்கு வந்த நாளில் கணவனின் முதல் மனைவியின் பூச்செண்டைப் பார்த்து, நான் செத்தால் என்னுடையதை என்ன செய்வார்கள் என்று யோசிப்பதை எழுதவில்லை. ஒன்று இல்லாமல் மற்றது பாதிதான்.

அதைவிடப் பெரிய தவறு, எம்மாவின் நினைப்பையெல்லாம் ஃப்ளோபேரின் கருத்து என்று எடுத்துக்கொண்டது. காதலன் கிடைத்துவிட்டான், இனிப் பேரின்பம்தான் என்று வரும் வரிகள் அவள் மனசில் ஓடுபவை. ஆசிரியர் 'என்று நினைத்தாள்' என்பதைப் போடாமல் விட்டிருக்கிறார். தமிழில் இதைக் கவனிப்பது இன்னும் கடினம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் ஒரு 'என்று' சேர்த்துவிடுவார்கள். சேர்த்தவுடன் அந்த மயக்கம் தெளிந்துவிடும், கூடவே அழகும் போய்விடும். எந்த வாக்கியத்தையும் யார் குரல் என்று கேட்காமல் மேற்கோள் காட்டாதே. 1857இல் அந்த நாவல்மீது வழக்கு நடந்தபோது, அது திருமணத் துரோகத்தைப் புகழ்கிறது என்றுதான் அரசுத் தரப்பு வாதிட்டது. ஃப்ளோபேர் விடுதலையானார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு நீ அதே இடத்தில் தடுக்கி விழலாமா? ஒற்றைச் சொல்லை வைத்து வாதம் கட்டுகிற இடங்களில் பிரெஞ்சு மூலத்தில் என்ன சொல் என்று யாரையாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்.

கருப்பொருளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 'நீதி', 'காதல்' என்பதெல்லாம் கருப்பொருள் இல்லை, தலைப்பு. யாராவது மறுத்துப் பேசக்கூடிய முழு வாக்கியமாக எழுது. அப்புறம் அந்த வாக்கியத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும் ஓர் அத்தியாயத்தை நீயே தேடிப் பிடி. கிடைக்கவில்லை என்றால் சரியாக வாசிக்கவில்லை என்று அர்த்தம். திரும்ப நாவலுக்குப் போ. முதலில் நாவல்.

இவ்வளவும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் தள்ளித் தள்ளி வந்தேன்.

அங்கே, வல்ழானைத் துரத்தும் காவல் அதிகாரி ழாவேரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "ழாவேர் இரக்கமற்ற சட்டத்தின் குறியீடு." அதை நீ எழுதவில்லை, தம்பி. நான் எழுதியது. பத்தாம் வகுப்பில் உன் கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். நீ எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுதினேன்.

நீ அன்று எடுத்துக்கொண்டது ழாவேர் சாகிற இரவை. வல்ழானை விட்டுவிட்டு வந்தவன் நேராக ஆற்றில் போய்க் குதிக்கவில்லை. காவல் சாவடிக்குள் போய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, பணி நலனுக்காகச் சில யோசனைகள் என்று பத்து எழுதுகிறான். விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதனை முடியும்வரை வெறுங்காலோடு கல்தரையில் நிறுத்துகிறார்கள், பலர் இருமுகிறார்கள் என்று ஒன்று. சிறைத் தறியில் நூல் அறுந்தால் கைதியிடம் பத்து சூ பிடிக்கிறார்கள், துணிக்கு அதனால் குறையேதும் இல்லை என்று இன்னொன்று. கீழே பெயர், பதவி, 1832 ஜூன் 7, இரவு சுமார் ஒரு மணி. எல்லாம் ஒழுங்காக எழுதி மடித்துவைத்துவிட்டுத்தான் போகிறான்.

பதினைந்து வயதில் நீ எழுதினாய்: "ழாவேருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஆனால் அதை எழுத அவனிடம் அறிக்கைத் தாள் மட்டும்தான் இருந்தது."

இதைத்தான் நான் அடித்தேன். போட்டிக்குப் போகிற கட்டுரை, நடுவருக்கு விளங்கவேண்டும் என்று. பரிசும் வந்தது. என் வரிக்கு வந்த பரிசை உன் பரிசு என்று ஊரெல்லாம் சொன்னேன். ஒரு மனிதனை ஒரு சொல்லாக்கி முடித்துவிடுகிற பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். ரயிலுக்கு ஒரு சொல், பூச்செண்டுக்கு ஒரு சொல் என்று உன் பக்கங்களில் எங்கெல்லாம் எனக்குக் கோபம் வந்ததோ, அங்கெல்லாம் இருப்பது என் கைதான். மூன்றாம் முறை வாசிக்கும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. மேலே உன்னைத் திட்டியதை அழிக்கவில்லை. குறிப்புகள் சரியானவைதான். திட்டுவாங்கவேண்டிய ஆள்தான் மாறிவிட்டது.

உன் மௌனத்துக்கும் நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். அதை இங்கே எழுதமாட்டேன். மூன்றாம் இயல் எழுதப்பட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இனி எழுதப்போவதே இல்லையென்றாலும் சரி, ஒரு நாள் பேசு. நான் குறுக்கே பேசமாட்டேன்.

நோட்டு அப்பாவின் பச்சைப் பெட்டியில் இருந்தது. பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, முழு நோட்டையும் அனுப்புகிறேன். நடுப்பக்கத்துக்குச் சற்று முன்னால் பார். சிவப்புக் கோடு அழுத்தமாகத்தான் விழுந்திருக்கிறது. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் அடியில் உன் எழுத்தை வாசிக்கலாம்.

அம்மா